மாஸ்டர் பெயர் தனியாக வர வேண்டும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். உன் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாமே, நெய்வேலிக்காரி சொன்னாள். ஊர்ச் செய்தி இன்னும் அவள் வழியாகத்தான் எல்லோருக்கும் போகிறது. இட்லிக் கணக்கை நான் மறக்கவில்லை, நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நம் மாவட்டத்தில் ஆடிப் பேர் வாங்கியவர்களுக்காக ஒரு கூடம் வைக்கப் போகிறார்கள். சுவரில் படம், கீழே நாலு வரி, கண்ணாடிப் பெட்டியில் ஜெர்சி, கோப்பை. பழைய ஆட்டக்காரர்கள் கூடி எடுத்த முடிவு. பெயர்ப் பட்டியல் போடும் குழுவில் வாலிபால் சார்பாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சொன்ன அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

முதல் கூட்டம் போன ஞாயிறு நடந்தது. கால்பந்து ஆட்டக்காரி இந்துமதி கதிரேசன் பெயரைச் சொன்னதுமே எல்லோரும் சரி என்றார்கள். நம் ஊர்ப் பெண் இந்திய அணிக்கே ஆடியவள், அதில் என்ன பேச்சு? 2018இல் மணிப்பூரை ஜெயித்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனதைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அதுவரை நன்றாகத்தான் போனது.

அப்புறம் கோச்சுகள் பேச்சு வந்தது. "அவங்களுக்குத் தனிப் படம் எதுக்கு? ஆட்டக்காரர் படத்துக்குக் கீழே, பயிற்சி தந்தவர் இன்னார்னு ஒரு வரி போட்டா போதும்" என்றார் ஒருவர். நாலைந்து தலைகள் ஆடின. எனக்கு வந்ததே கோபம்!

எழுந்து நின்று கேட்டேன். ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் வந்தது. கோச்சுகளுக்கான துரோணாச்சாரியா விருது 1985இல்தான் வந்தது. இருபத்து நாலு வருஷம் கோச் இல்லாமலா ஓடி வந்தார்கள் நம் ஆட்கள்? பி.டி. உஷாவுக்கு 1985இல் பத்மஸ்ரீ. அவரை உருவாக்கிய நம்பியாருக்கு 2021இல்தான் அறிவித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார். நாமும் அப்படித்தான் காக்கவைக்கப் போகிறோமா என்றேன். குரல் நடுங்கிவிட்டது.

வாலிபாலுக்கென்று அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் ஒரு புகழ்க்கூடம் இருக்கிறது. 1895இல் நம் ஆட்டம் பிறந்ததே அந்த ஊரில்தான். 1985இல் அங்கே முதலாவதாகச் சேர்த்த பெயர் வில்லியம் மார்கன். ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் யார் தெரியுமா? ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். நம் கணக்கில் ஒரு பி.டி. மாஸ்டர்! அங்கே கோச், நடுவர் எல்லோருக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை?

யாரை நினைத்து இவ்வளவு பேசினேன் என்று உனக்குத் தெரியும். நமக்கு வாலிபால் சொல்லித்தந்த மாஸ்டரிடம் ஒரு சான்றிதழ் கிடையாது. அவர் தயார் செய்த நாம் யாரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் டிராக் பேண்ட் போட்டாலே தெரு திரும்பிப் பார்த்த காலத்தில், வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசி நம்மை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் வேறு யார்? உன் அப்பா மூன்று தடவை முடியாது என்ற பிறகும் போனாரே! வலை அறுந்தால் தேவனாம்பட்டினத்திலிருந்து நைலான் நூலும் மீனவர்களின் வலை ஊசியும் வாங்கி வந்து, தரையில் விரித்துக்கொண்டு கண்ணி கண்ணியாக முடிச்சுப் போடுவார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். பெண்கள் ஆட்டத்துக்கான வலை உயரம் 2.24 மீட்டரைக் குறித்துவைத்த மூங்கில் கம்பை நிறுத்திப் பார்க்காமல் ஒரு நாளும் விசில் ஊதியதில்லை.

திருப்பாதிரிப்புலியூர் போய் அவரைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டதுமே, "வலது முட்டி எப்படி இருக்கு?" என்றார். எத்தனை வருஷத்துக்கு முன்பு பட்ட அடி! கூடத்தைப் பற்றிச் சொன்னேன். "எனக்கெதுக்கும்மா, பிள்ளைங்க படத்தை மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, உன்னைத்தான் விசாரித்தார். "அடிக்கிறவங்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறதுல நல்ல லிஃப்டர், பேச்சுதான் ஜாஸ்தி" என்றார். அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். சரி, கொடுப்போம். அவரிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் இன்று பி.டி. டீச்சர், எத்தனை பேர் போலீஸ், ரயில்வே என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். எழுத எழுதப் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. உனக்குத் தெரிந்தவர்களையும் எழுது, எந்த வருஷத்து டீம் என்று பக்கத்தில் குறித்துவிடு. தஞ்சாவூர் டோர்னமெண்டில் எடுத்த குரூப் போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? ஓரத்தில் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர் நிற்பாரே, அதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். நல்ல கடையாகப் பார்த்து ஸ்கேன் செய்து மெயிலில் போடு. ஒரிஜினல் உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நாலாம் நம்பர்