கட்டடம் கேட்டது போதும், ஆள் எங்கே என்று கேளுங்கள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கேள்வி நேரத்தில் அமைச்சர் வாசிக்கும் பதில் எங்கே பிறக்கிறது என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பேரவைச் செயலகம் ஏற்றுக்கொண்ட கேள்வி, கோட்டையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் போகும். அங்கிருந்து தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் இயக்குநரகத்துக்கு. அங்கிருந்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு. அப்புறம் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு போன்: "எல்.ஏ.கியூ. வந்திருக்கு சார், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள விவரம் வேணும்."

எல்.ஏ.கியூ., அதாவது சட்டமன்றக் கேள்வி, என்று சொல்லிவிட்டால் மேசையில் இருக்கிற மற்ற கோப்பெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். சம்பளப் பட்டியல்கூடக் காத்திருக்கும். உங்கள் ஒரு வரிக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும், எங்களுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன தொகுதி இன்ன ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? இருப்பதை முப்பது படுக்கை கொண்டதாகத் தரம் உயர்த்த அரசு முன்வருமா? கூடுதல் கட்டடம் கட்டித் தருமா?

இதற்குப் பதில் தயாரிப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. துணை சுகாதார நிலையம் என்றால் 5,000 பேருக்கும் 3,000 பேருக்கும். கேட்கிற ஊரின் மக்கள்தொகையைப் போட்டு, பக்கத்து நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டால் முடிந்தது. விதிமுறைப்படி தேவை எழவில்லை. நீங்கள் எழுந்து, "மக்கள் நலன் கருதி அமைச்சர் அவர்கள் கனிவோடு பரிசீலிக்க வேண்டும்" என்பீர்கள். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்பார் அவர். அடுத்த வினா. சில சமயம் கட்டடம் கிடைத்தும் விடும், கல்வெட்டில் உங்கள் பெயரும் ஏறும். சரி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் ராத்திரி எட்டு மணிக்கு யார் இருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தொடரில் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். "இந்த நிலையத்தில் மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா?" என்று கேட்டால் "ஆம், நிரப்பப்பட்டுள்ளன" என்று பதில் வரலாம். அது பொய் இல்லை. பதிவேட்டில் ஆள் இருப்பார், சம்பளமும் அந்த நிலையத்தின் கணக்கில்தான் போகும். ஆனால் அவர் மாற்றுப் பணியில் வேறு ஊரில் இருப்பார். எங்கள் துறையில் இதை டெபுடேஷன் என்போம். சம்பளம் இங்கே, வேலை அங்கே. பெரும்பாலும் நியாயமான காரணம்தான் இருக்கும், ஒரு இடத்தில் ஆளே இல்லாதபோது இன்னொரு இடத்திலிருந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்? ஆனால் காலிப் பணியிடம் என்றால் பட்டியலில் தெரியும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குப் போகும், என்றாவது ஆள் வரும். மாற்றுப் பணியில் போனவருடைய நாற்காலி எந்தப் பட்டியலிலும் காலி இல்லை. அதனால் அது நிரம்பவே நிரம்பாது.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் இன்றைய தேதியில் அதே நிலையத்தில் பணிபுரிகிறவர் எத்தனை, மாற்றுப் பணியில் இருப்பவர் எத்தனை, எந்த நாள் முதல்? இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்காகவே மாவட்ட அலுவலகத்தில் கோப்பைத் தூசி தட்டி எடுப்பார்கள். பாதிப் பேர் பதில் பேரவைக்குப் போகும் முன்பே தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்திருப்பார்கள். இது நான் பார்த்தது.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வீட்டுப் பிரசவம் அநேகமாக முடிந்துபோன கதை. பெருமைப்பட வேண்டிய விஷயம், கிராம சுகாதார செவிலியர்கள் வெயிலில் நடந்து சம்பாதித்துக் கொடுத்த எண் அது. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம். இப்படிப்பட்ட மாநிலத்தில் "பிரசவ வார்டு கட்டித் தருவீர்களா" என்று கேட்பதைவிட, "இந்த நிலையத்தில் கடந்த ஆண்டு பதிவு செய்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே பிரசவித்தவர் எத்தனை பேர், வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அதில் இரவு நேரத்தில் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர்" என்று கேட்பதுதான் இன்றைய கேள்வி. விவரம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் என்கிற அரசுப் பதிவு எண் உண்டு, 108 வண்டி எந்த நேரத்தில் எங்கிருந்து எங்கே போனது என்பதற்கும் பதிவு உண்டு. மூன்று செவிலியர் இருக்க வேண்டிய இருபத்து நான்கு மணி நேர நிலையத்தில் இரண்டே பேரை வைத்து ஓட்டினால், ராத்திரி வலியோடு வருகிறவரை வண்டி ஏற்றி அனுப்பத்தான் செய்வார்கள். அந்தச் செவிலியரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மருந்து விஷயமும் இப்படியே. "மருந்துத் தட்டுப்பாடு உள்ளதா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் வரும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி, மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு நிலையத்துக்கும் மருந்து ஒதுக்கீட்டுக் கணக்குக்கு ஒரு பாஸ்புக், எல்லாம் உண்மை. கிடங்கில் நூற்றுக்கணக்கான மருந்துகள் இருக்கும்போது இரண்டு மருந்து இல்லாததைத் தட்டுப்பாடு என்று எந்த அதிகாரியும் எழுத மாட்டார். ஆனால் அந்த இரண்டில் ஒன்று சர்க்கரை நோய் மாத்திரையாக இருந்தால், மாதாமாதம் வரிசையில் நிற்கிற முதியவர்களுக்கு அதுதான் முழுத் தட்டுப்பாடு. எந்தெந்த மருந்து, எந்தக் கிடங்கில், தொடர்ந்து பதினைந்து நாளுக்கு மேல் கையிருப்பு பூஜ்யமாக இருந்தது என்று கேளுங்கள். கணினியில் இருக்கிற கணக்கு அது.

கேள்வியின் சொற்கள் தளர்வாக இருந்தால் பதில் எப்படி நழுவும் என்பதற்கு நாடாளுமன்றத்தில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. கொரோனா இரண்டாம் அலை அடங்கியபின், 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் சுகாதாரத் துறை இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்து மூலம் தந்த பதிலில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்கள் எதுவும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றார். நாடே கொதித்தது. என்னைப் போல ஆபீசில் பதில் எழுதிப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பதிலின் சாரம் இதுதான்: சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்கள் அனுப்புவதைத் தொகுப்பதே மத்திய அரசின் வேலை, மாநிலங்கள் அப்படி ஒன்றை அனுப்பவில்லை. மூன்று வாக்கியமும் அதனதன் அளவில் சரி. சிலிண்டருக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்களுக்கு அந்த மூன்றிலும் இடம் இல்லை. எந்த மருத்துவமனையில் எந்த நாளில் எத்தனை மணி நேரக் கையிருப்பு மிச்சம் இருந்தது என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

விடாமல் கேட்டதால் விஷயம் வெளியே வந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. மதுரை எய்ம்ஸ். 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு, 2019 ஜனவரி 27-இல் தோப்பூரில் பிரதமர் அடிக்கல். அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இங்கே பலர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1,264 கோடி மதிப்பீடு 1,977.8 கோடியானது, ஜப்பான் நிறுவனக் கடன் எந்த நிலையில் இருக்கிறது, 2022-இல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தார்கள் என்பதெல்லாம் துண்டு துண்டாக இப்படித்தான் ஊருக்குத் தெரிய வந்தது. கேள்வி கேட்டதால் செங்கல் ஏறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே நிற்கிறது என்பதை மறைக்க முடியாமல் போனது.

அடுத்து துணைக் கேள்வி. முதல் பதில் நாங்கள் எழுதித் தருவது, அமைச்சர் வாசிப்பது. துணைக் கேள்விக்கும் ஒரு குறிப்பு தயாரித்து அனுப்புவோம், ஆனால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பயப்படுவது அந்த நிமிடத்துக்குத்தான். 1892-ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தபோது துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1909-இல் அது கிடைத்தது, அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் மற்ற உறுப்பினர்களுக்கும். அதே சீர்திருத்தத்தில், பொதுச் சுகாதாரம் சென்னை மாகாணத்தில் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. அப்படி ஆங்கிலேயனிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிய நிமிடத்தைத் தலைவர்களை வணங்கி வாழ்த்திப் பேசியே கழித்துவிடுகிறீர்கள். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். வாழ்த்து முடிந்து கேள்வி வருவதற்குள் என் மனைவி சேனலை மாற்றிவிடுகிறாள்.

மாண்புமிகு அமைச்சர்களுக்கும் இரண்டு வார்த்தை. பேரவை விதி 110-இன் கீழ் அறிக்கை வாசித்தால் விவாதம் கிடையாது. அதனால் பெரிய அறிவிப்புகளெல்லாம் அந்த வழியில் போவது எங்களுக்குப் புரிகிறது. கேள்வி நேரத்தில் சொல்வதற்காவது ஒரு தேதி இருக்கட்டும். மக்களவையில் "பரிசீலனையில் உள்ளது", "விசாரிக்கிறேன்" என்று சொன்னால்கூட அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். நம் பேரவைக்கும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுப்பயணம் வருகிறது, ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் போடுகிறது, மறுநாள் பத்திரிகையில் படமும் வருகிறது. எந்த உறுதிமொழி எத்தனை ஆண்டாக நிலுவை என்கிற பட்டியல், தொகுதி பெயரை அடித்தால் வருகிற மாதிரி, தமிழில் தேடக்கூடிய எழுத்தாக இணையத்தில் வர வேண்டும்.

இன்னொன்று, துறைகளுக்கு இடையே பந்து எறிவது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்குநரகம், தாலுகா மருத்துவமனை இன்னொன்று, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவது. டெங்கு கொசுப்புழுவைத் தேடி வீடு வீடாக வருகிற பணியாளருக்கு ஊதியம் தருவது உள்ளாட்சி. நிலையத்துக்குப் போகிற சாலை ஊரக வளர்ச்சித் துறை, பஸ் போக்குவரத்துத் துறை. நோயாளிக்கு இதெல்லாம் ஒன்றுதான். "இது எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்று பதில் வந்தால் உட்கார்ந்துவிடாதீர்கள். அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 164-ஆவது பிரிவு சொல்கிறது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விவரம் கேட்டு மேலிருந்து கீழே வருவார்கள், விவரம் மேலே போகும். ஆனால் அமைச்சர் பேரவையில் என்ன பதில் சொன்னார் என்பது அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வராது. மருத்துவ அலுவலருக்கே தெரியாது. ஒரு நிலையத்தைப் பற்றிக் கேள்வி வந்தால், கேட்ட உறுப்பினர் பெயர், கேள்வி, அமைச்சரின் பதில், தேதி, இந்த நான்கையும் ஒரு தாளில் அச்சிட்டு அந்த நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறவர்கள் படிக்கட்டும். ஆறு மாதத்தில் ஆய்வக நுட்புநர் நியமிக்கப்படுவார் என்று அதில் இருந்தால், ஏழாவது மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர் அதைக் காட்டி மருத்துவ அலுவலரிடம் கேட்பார், அவர் மாவட்ட அலுவலகத்தில் கேட்பார். இதற்கு அரசாணைகூட வேண்டாம், இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். வருகிற கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர் இதையே ஒரு எல்.ஏ.கியூ.வாகக் கொடுங்களேன்.

இப்படிக்கு,
சுகாதாரத் துறையில் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்