நாய்களுக்கும் மகரந்த ஒவ்வாமை உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்குப் பிறகு காலி மனைகளில் பார்த்தீனியம் பூத்துவிட்டால் மனிதர்களுக்குத் தும்மலும் தோல் அரிப்பும் வருவதை அறிந்திருக்கும் நாம், அதே நாட்களில் வீட்டு நாய் விடாமல் பாதத்தை நக்குவதை மட்டும் வெறும் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம். மகரந்த ஒவ்வாமை நாய்களுக்குப் பெரும்பாலும் தோலில்தான் வெளிப்படுகிறது: விரலிடுக்கு சிவக்கும், வெள்ளை ரோமம் எச்சில் பட்டுப் பழுப்பேறும், காது சூடாகி நாற்றமெடுக்கும். ஆண்டுதோறும் அதே பருவத்தில் இது திரும்பினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; தெள்ளுப்பூச்சியும் பூஞ்சைத் தொற்றும் இதே அரிப்பைத் தரும் என்பதால், அவை இல்லையென்று அவர் முதலில் உறுதி செய்வார்.

வெளியே போய் வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத் துணியால் துடைத்து, விரலிடுக்கை நன்றாக உலர்த்துவது பெரிதும் உதவும். மருத்துவர் சொல்லும் ஷாம்புவில் குளிப்பாட்டுவதும் நல்லது. என்னை மிகவும் வருத்துவது, நமக்கு வாங்கிய சளி மாத்திரையை நாய்க்கும் கொடுக்கும் வழக்கம். அவற்றில் பலவற்றில் கலந்துள்ள பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உள்ளாட்சி அமைப்புகள் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு அகற்ற வேண்டும்; அந்தப் பணியாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் தவறாமல் வழங்க வேண்டும்.

வாசகர், கோவை