கொய்னாவின் கழுத்து

ஆசிரியருக்கு,

அணைகளும் நிலநடுக்கமும் பற்றிய கட்டுரையில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1967 டிசம்பர் 11 அதிகாலை நிலம் குலுங்கியபோது, 103 மீட்டர் உயர அந்த அணை உடையவில்லை, விரிசல் விட்டது. எங்கே தெரியுமா? நீர் தேங்காத கீழ்ப்புறச் சரிவு சட்டென்று செங்குத்தாகத் திரும்பும் கழுத்துப் பகுதியில். வேலை நடக்கும்போதே உயரத்தைக் கூட்டியதால் வந்த வடிவம் அது. அப்புறம்தான் முட்டுச்சுவர் கொடுத்துத் தேற்றினார்கள்.

தேங்கிய நீரின் எடைதான் நிலத்தை அசைத்தது என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மையே. தேங்கிய நீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள நீரழுத்தத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் நிலத்தடிப் பாறைப் பிளவு வழுக்குகிறது; அதுதான் நிலநடுக்கம். 1962இல் நீர் தேக்கத் தொடங்கியபின் ஆரம்பித்த சின்னச் சின்ன அதிர்வுகள் அங்கே இன்னமும் ஓயவில்லை.

- ஒரு வாசகர், மும்பை