கம்பியைக் கழற்றிய பின் கீழ்ப்பற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல்வரிசைச் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கம்பி கட்டும் வயதையும் செலவையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, கழற்றிய பின் நடப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் இடறியது அந்த இடத்தில்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேரள-தமிழக எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடி வழியாக மாதம் ஒருமுறை பொள்ளாச்சிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, என் மகளுக்கு இரண்டு ஆண்டுகள் கிளிப் போட்டிருந்தோம். கழற்றிய அன்று, நேராக்கிய பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் என்ற கழற்றி மாட்டும் சாதனத்தைச் சிறு டப்பாவில் கொடுத்து, "கொஞ்ச நாள் ராத்திரியில் போட்டுக்கோம்மா" என்றார்கள். எத்தனை நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விடுதியில் சேர்ந்ததும் டப்பா பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. ஓராண்டு கழித்து மாட்டிப் பார்த்தபோது கீழ்வரிசையில் அது உட்காரவே இல்லை. நடுப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது.

ஞானப்பல் தள்ளுகிறது என்று ஊரில் சொன்னார்கள். அதற்கு வலுவான சான்று இல்லை. பல்லைச் சுற்றியுள்ள ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கின்றன. அதோடு, வயது ஏற ஏறக் கீழ்த்தாடையின் பல்வளைவு தானாகவே குறுகுகிறது; கம்பியே கட்டாத என் கீழ்ப்பற்கள்கூட ஐம்பதைத் தாண்டியபின் நெருங்கிவிட்டன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லிட்டில் குழுவினர், முன்கடைவாய்ப் பற்களைப் (கோரைப்பல்லுக்கு அடுத்துள்ளவை) பிடுங்கிச் சிகிச்சை பெற்றவர்களை ரிட்டெய்னர் நிறுத்திய பின் தொடர்ந்து பார்த்து, 1981இலும் 1988இலும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, பத்து ஆண்டுகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கும், இருபது ஆண்டுகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும் மட்டுமே கீழ் முன்பற்களின் வரிசை ஏற்கத்தக்கதாக இருந்தது. ஆகவே பழியை மகளின் சோம்பல்மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி சரிசெய்து, இப்போது கீழ்ப்பற்களின் உட்புறம் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை மெல்லிய கம்பியை ஒட்டியிருக்கிறார்கள். அங்கே பற்காரை சீக்கிரம் படிகிறது; ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டாலும் வெளியே தெரியாமலே அந்தப் பல் நகரக்கூடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வருகிறோம்.

ரிட்டெய்னரை ஆண்டுக்கணக்கில், அநேகமாக ஆயுள் முழுவதும் இரவில் அணிய வேண்டியிருக்கும் என்பதையும், உடைந்தால் மாற்றும் செலவையும், கம்பி கட்டும் முதல் நாளிலேயே எல்லையின் இருபுறமுள்ள பல் மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். இங்கே அந்தத் தாள் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால்தான் வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.