பெயிண்ட்டைச் சுரண்டுவதற்கு முன்னால்

அன்புள்ள கயல்,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்கியிருக்கும் பழைய மாடல் படகு ஏரோகிட்ஸ் கிராஷ் டெண்டர் போலத்தான் தெரிகிறது. 1950-களில் பிரிட்டனில் பிளைவுட் கிட்டாக, அதாவது வாங்கி நாமே பொருத்திக்கொள்ளும் பாகங்களாக, விற்றது. விமானம் தண்ணீரில் விழுந்தால் பாய்ந்து போய் மீட்கும் விமானப்படை வேகப்படகின் சிறு வடிவம். நல்ல சாமான்தான், விடாதே.

"முழுக்கச் சுரண்டிப் புதுசாக்கிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. ஓடுவதற்கு எது தடையோ அதை மட்டும் சரிசெய். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் கை வைக்காதே. உரிந்த இடத்தை மட்டும் ஈரமாக்கித் தேய், முகமூடி போட்டுக்கொள். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அப்புறம் அடிப்பலகை விளிம்புகளை நகத்தால் தட்டிப் பார். சத்தம் பொத்தென்று கேட்டால் உள்ளே பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் திறந்து எப்பாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து போடும் பசை) வை. உட்புறம் முழுக்க மெல்லிய எப்பாக்சி ஒரு பூச்சு கொடு, ஏனென்றால் பிளைவுட் பெரும்பாலும் உள்ளே தேங்கும் தண்ணீரால்தான் ஊறிப் பிரிகிறது.

மோட்டார்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. செம்புச் சுருள் வெளியே தெரிகிறதே, அது டேகால் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் மோட்டாராக இருக்கலாம். அப்படியானால் அதில் நிரந்தரக் காந்தம் கிடையாது, காந்தப்புலத்தையும் ஒரு சுருள்தான் உண்டாக்குகிறது. அதனால் பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தாலும் சுழலும் பகுதியிலும் புலச்சுருளிலும் மின்னோட்டம் சேர்ந்தே திசை மாறி, மோட்டார் பழைய பக்கமே சுற்றும். படகு பின்னால் வராது! இதற்கு, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு நாலு போதும். எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் ஒரே திசையில் வெளிவிடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையராகக் கட்டி, அதன் வழியாகப் புலச்சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால், அங்கே திசை மாறாது, சுழலும் பகுதியில் மட்டும் மாறும். சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷில் பறக்கும் பொறி பழைய ரேடியோ கன்ட்ரோலைக் குழப்பியடிக்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. இருந்தாலும் அதை அடக்க பிரஷ் பக்கத்தில் சின்ன கெப்பாசிட்டர் வைத்துவிடு.

இன்னொன்று. அந்தப் படகு கனமான ஈய பேட்டரியை நம்பி வரையப்பட்டது. நீ லித்தியம் பேட்டரி வைத்தால் நீர்மட்டக் கோடு தண்ணீருக்கு மேலே நிற்கும், திருப்பத்தில் தள்ளாடும். பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே தாழ்வாக ஈயத்துண்டு வை. முதலில் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்.

பெட்டியைத் திறந்ததும் ஓடுகிற படகுகள் கடையில் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று உன் தோழி கேட்டாளாமே. நியாயமான கேள்விதான். ரெடிமேட் படகில் ஏதாவது போனால் போர்டை மாற்றுவோம், அவ்வளவுதான், என்ன ஆயிற்று என்று தெரியவே தெரியாது. இதில் ஒரு ஸ்க்ரூடிரைவர் எட்டாத மூலை இல்லை. ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்தாலே விளங்கும். போதாததற்கு, முதலில் கட்டியவரின் கை அதிலேயே இருக்கிறது. மூன்றாவது படத்தில் பார், இடப்பக்கப் பலகை முனையில் இடைவெளி விழுந்து மரத்தூள் கலந்த பசையால் அடைத்திருக்கிறார். அதைச் சீராக்கிவிடாதே என்று சொன்னால் கேட்பாயா?

எனக்கென்னவோ பாய்மர மாடல் படகுதான் இன்னும் பிடிக்கும். 1930-ல் அமெரிக்காவில் தொடங்கிய மார்பிள்ஹெட் வகை இருக்கிறதே, நீளம் 50 அங்குலம், பாய் 800 சதுர அங்குலம், மற்றபடி வடிவமைப்பதில் உன் இஷ்டம். ரேடியோ வருவதற்கு முன் அவை தாமாகவே திசை பிடித்தன. பிரெய்ன் கியர் என்ற ஏற்பாட்டில், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையே சுக்கானோடு கட்டியிருப்பார்கள். காற்று வலுத்தால் கயிறு இறுகிச் சுக்கானைத் திருப்பும். கரைக்கு வரும் படகைத் திருப்பிவிட ஆட்கள் கையில் கோலோடு கரையில் கூடவே ஓடுவார்கள். சரி, உனக்கு இப்போதைக்கு மோட்டார் படகே போதும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதே, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு. மோட்டாரில் ஏதாவது எழுத்து தெரிந்தால் படம் எடுத்து அனுப்பு, டயோடு எந்த அளவு என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா