கல்வட்டத்தில் மர்மம் எதுவும் இல்லை, அது இடுகாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கல்வட்டங்களைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம்தான், சேலம் மாவட்டம் மாம்பழத்தையும் வெள்ளிக் கொலுசையும் தாண்டி வேறொரு விஷயத்துக்காகப் பேப்பரில் வருவது அபூர்வம். ஆனால் தலைப்பிலேயே 'மர்மம்', உள்ளே நாலு இடத்தில் 'மர்மம்', கடைசிப் பத்தியில் 'விடை தெரியாத புதிர்', பக்கத்தில் இங்கிலாந்தில் பெரிய கற்கள் வட்டமாக நிற்கிற ஸ்டோன்ஹெஞ்ச் படம் வேறு. முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். இந்த வட்டங்களுக்குள் நின்று அளந்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், விஷயத்தை வெட்டாதீர்கள்.

நம் பக்கத்துக் கல்வட்டம் என்பது ஒரு சவக்குழியின் ஓரம். மேலே தெரிவது விளிம்பு மட்டும்தான், மற்றதெல்லாம் கீழே இருக்கிறது. முதலில் குழி தோண்டுகிறார்கள். அதற்குள் நாலு பலகைக்கல்லை நிறுத்துகிறார்கள், அதுவும் பெட்டி மாதிரி மூலையோடு மூலை சேர்த்து அல்ல. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் முனையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், மேலேயிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா மாதிரி தெரியும். வெளியிலிருந்து மண் தள்ளத் தள்ள ஒன்றை ஒன்று முட்டுக்கொடுத்து இறுகிக்கொள்ளும். சுண்ணாம்பும் கிடையாது, காரையும் கிடையாது. பெரும்பாலும் கிழக்குப் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும், இடுதுளை என்பார்கள். உள்ளே எலும்பு வைப்பார்கள். முழு உடம்பை அப்படியே புதைப்பதும் உண்டு என்றாலும், பல இடங்களில் உடம்பை வேறெங்கோ போட்டுவைத்து, சதை கழிந்த பிறகு எலும்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கூடவே கறுப்பு சிவப்புப் பானை, இரும்புச் சாமான், மணி. மேலே மூடுகல். அதற்கும் மேலே சிறுகல்லும் மண்ணுமாக ஒரு குவியல். அந்தக் குவியல் சரிந்து பரவிவிடாமல் இருக்கச் சுற்றிலும் குண்டுக்கற்களை அணைப்பாக வைத்தார்கள் பாருங்கள், அதுதான் நீங்கள் படம் எடுத்துப் போட்ட வட்டம்! மூவாயிரம் வருஷத்து மழையில் குவியல் கரைந்துபோய்விட்டது, அணைப்பு நிற்கிறது. கூரை போன வீட்டில் அஸ்திவாரம் தெரிவது மாதிரி.

எல்லா வட்டத்துக்கும் கீழே இப்படிப் பலகைக்கல் அறைதான் இருக்கும் என்றில்லை. சிலவற்றில் தாழி என்கிற பெரிய மண்பானை, சிலவற்றில் வெறும் குழி. ஆனால் எதைத் தோண்டினாலும் செத்தவர்கள் சமாச்சாரம்தான் கிடைக்கிறது. சென்னிமலை பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் ஒரே கல்லறைக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள (சிவப்புக் கல்) மணிகள் கிடைத்தன. நம் மாவட்டத்திலேயே, மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் ஈமச்சின்னங்களில் கிடைத்த இரும்பைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பிப் பார்த்தபோது சுமார் 3,400, 3,500 வருஷத்துக்கு முந்தையது என்று வந்தது. கஞ்சமலை இரும்புக்கல்லைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கஞ்சமலையில் கைநிறைய மண் அள்ளிக் காந்தத்தைக் காட்டினாலே ஒட்டிக்கொள்ளும், சின்ன வயசில் செய்திருப்பீர்கள்.

இலக்கியத்தில் வேண்டுமா? மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்கிற சுடுகாட்டைச் சொல்லும் இடத்தில், சுடுகிறவர்கள், வெறுமனே போட்டுவிட்டு வருகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என்று ஐந்து வகையாகப் பட்டியலே இருக்கிறது. இதற்கும் மேல் யார் வந்து நமக்கு விளக்க வேண்டும்?

சரி, நட்சத்திரம் பார்க்கக் கட்டினார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியதற்கு வருகிறேன். இடுதுளை கிழக்கே பார்ப்பதால் திசை அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் அது வானியல் ஆய்வுக்கூடம் ஆகிவிடுமா? நாமும்தான் பிணத்தை வடக்கு தெற்காகக் கிடத்துகிறோம். ஸ்டோன்ஹெஞ்ச் விஷயம் வேறு. அங்கே ஆடி மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜூன் 21 வாக்கில், சூரியன் உதிக்கிற திசைக்கு நேராகக் கற்களை நிறுத்தியிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் கி.மு. 3000 வாக்கில் முதலில் பள்ளமும் கரையும் வெட்டிய காலத்திலேயே அங்கேயும் எரித்த எலும்பைக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள், பெரிய கற்கள் நின்றது அதற்கு ஐந்நூறு வருஷம் கழித்துத்தான். அங்கே நடுவில் கிடக்கும் ஒரு கல் வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து சுமார் 750 கிலோமீட்டர் வந்திருக்கிறது என்று 2024-இல்தான் கண்டுபிடித்தார்கள். நம்மவர்கள் அந்த வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, பக்கத்துப் பாறையைப் பெயர்த்தார்கள், வைத்தார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் கல், இங்கே பெரும்பாலும் முழங்கால் உயரம். காலமும் வேறு, ஆட்களும் வேறு. இரண்டும் வட்டம் என்பதால் சொந்தக்காரர்கள் என்றால் ஆட்டுக்கல்லும் வண்டிச் சக்கரமும் சொந்தக்காரர்கள்தான்.

வேற்றுக்கிரகவாசி, ராட்சதர் கதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது பற்றி ஒரு வரி. நான் அளந்த ஒரு மூடுகல் இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு சாண் தடிமன். ஒரு கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 2,700 கிலோ. ஊர்த்தேர் இதைப்போலப் பல மடங்கு, அதை வடம் பிடித்து இழுக்கிறோமே! ஐம்பது பேரும் உருளைக்கட்டையும் கடப்பாறை மாதிரி நாலு மரமும் இருந்தால் போதும். பாறையில் நெருப்பு மூட்டிச் சுடவைத்து ஏடு ஏடாகப் பெயர்க்கிற வித்தையை நம் கல் உடைக்கிறவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. ஐம்பது பேரைக் கூட்டக்கூடியவர் வீட்டுச் சாவாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் எல்லோருக்கும் இப்படி வட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சர்வேயர் கண்ணுக்குப் பட்டது. இத்தனை வருஷத்தில் நஞ்சையில் ஒரு கல்வட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாம் மலையடிவாரம், ஏரிக்கு மேல்புறம், பாறை ஓரம், ஏர் இறங்காத கரடு. விளைகிற மண்ணைச் செத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது என்கிற கணக்கு அப்போதே இருந்திருக்கிறது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டி அளவைக்குப் போயிருந்தோம். சில்வர் ஓக் மரங்கள் முடிகிற இடத்தில் சின்ன மேடு, மேட்டில் வட்டமாகக் கற்கள், பாசி பிடித்துக் கறுத்துப்போய். 22 கல், குறுக்களவு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. குறுக்கே சங்கிலி போட்டால் இரண்டு அளவு மிச்சமாகும் என்று நான் சொல்ல, உதவிக்கு வந்திருந்த மலையாளிப் பெரியவர் (சேர்வராயன் மலைக்காரர்களைச் சொல்கிறேன், கேரளத்துக்காரர்களை அல்ல) சங்கிலி முனையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அந்த வட்டத்துக்குள்ள சங்கிலியப் போடாதீங்க. பெரியவங்க படுத்திருக்காங்க" என்றார். எந்தப் பெரியவங்க என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும், நமக்கு முந்தி இருந்தவங்க" என்றார். சுற்றிக்கொண்டு போய் அளந்தோம். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது, பொழுது சாய்கிற நேரம், மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், தொல்லியல் படித்தவர்கள் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் தோண்டாமலே ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பதிவேட்டில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'கல்லாங்குத்து'. கல் இருந்தது, குத்துக் குத்தாக இருந்தது, எழுதினேன்! குறிப்புக் கலத்தில் 'பழைய இடுகாடு' என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் பேனா மை ஒன்றும் தீர்ந்துபோயிருக்காது. ரெவின்யூ ஆட்களுக்குப் புரியும்: சுடுகாடு, இடுகாடு என்றால் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, லேசில் யாரும் கைவைக்க முடியாது, பட்டா கேட்டு வருகிறவனும் தயங்குவான். கல்லாங்குத்து என்றால் யாருக்கும் வேண்டாத நிலம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மேடு இல்லை. அந்த இடத்தில் தண்ணீர்க் குட்டை இருந்தது. 22 கல்லில் ஏழு கல்லை என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. நாலு குட்டைக் கரையில், இரண்டு கேட் தூணுக்கு அடியில், ஒன்று துணி துவைக்கிற கல்லாக, சோப்பு நுரையோடு. அங்கிருந்த பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன, அவர் வருவதற்கு முன்பே நடந்தது.

அதனால்தான் 'மர்மம்' என்கிற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. மர்மம் என்று எழுதினால் புதையல் தேடுகிறவன் கடப்பாறையோடு ராத்திரியில் வருவான், வந்துமிருக்கிறான். உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்துப் பானையை உடைத்துப் போட்டுவிட்டுப் போவான். பதிவேட்டில் கல்லாங்குத்து என்று எழுதினால் பகலிலேயே ஜே.சி.பி. வரும். இரண்டும் தப்பான பெயர், நானும் நீங்களும் ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறோம். அதையே ஊர்க்காரர்கள் பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்லும்போது, அந்தப் பெயர்கள் சரித்திரமாக இல்லாமல் போனாலும், கதைக்குள் யாரோ ஒருவர் குடியிருக்கிறார். நெருப்பு மழை வரப்போகிறது என்று தெரிந்து குள்ளர்கள் கல்லில் வீடு கட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள் என்று என் பாட்டி சொல்லும். ஆள் இருக்கிற வீட்டில் யாரும் கல்லைப் பிடுங்க மாட்டார்கள். பாண்டுக்குழி என்ற பெயரை 1823-லேயே ஒரு வெள்ளைக்காரர் மலபாரில் கேட்டு அச்சில் ஏற்றியிருக்கிறார், அந்த அளவுக்குப் பழைய புழக்கம் அது.

சேர்வராயன் மலைக்காரர்கள் பழைய கல்லைத் தூக்கி எறிகிறவர்களும் அல்ல. வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கற்கோடரிகள் காட்டில் கிடைத்தால் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்த வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அவருடைய அஸ்தி அங்குள்ள ஹோலி டிரினிடி தேவாலயத்தில்தான் இருக்கிறது. படகுத் துறைக்குப் போகிற கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அங்கே எட்டிப் பார்த்தால் அதிகம்.

பழங்காலச் சின்னங்களைக் காக்க 1966-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, தொல்லியல் துறை இருக்கிறது என்பீர்கள். அறிவிக்கை செய்து வேலி போட்ட இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். கரட்டில் கிடக்கும் ஒற்றை வட்டத்துக்கு யார் வேலி போடுவது? நான் கேட்பது சின்ன விஷயம். கிராம நிர்வாக அலுவலர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கிராமத்தில் இப்படி வட்டம் இருக்கிறதா என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்கட்டும், அவர்களுக்குத்தான் தெரியும். இருந்தால் கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் 'பழங்கால இடுகாடு' என்று எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். செலவு இல்லை, டெண்டர் இல்லை. ஒருவேளை அதனால்தான் நடக்காமல் இருக்கிறதோ என்னவோ.

அதே மலையில் இன்னொரு வட்டம் எனக்குத் தெரியும். 14 கல், போன மாதம் போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இடத்தைப் பேப்பரில் போட வேண்டாம். உங்கள் நிருபர் யாராவது வருவதாக இருந்தால் காலை முதல் ஏற்காடு பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், எனக்கு முட்டிவலி, ஐம்பது ஆகலாம். அட்டை இருக்கும், உப்பு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.