பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காஸாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'அது ஆயிரக்கணக்கான வருஷத்து மதச் சண்டை, யார் என்ன செய்ய முடியும்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. இன்றைய சண்டையின் ஆணிவேரைத் தோண்டினால் உங்கள் அலுவலகத்துக் கடிதத்தாள்தான் கைக்கு வருகிறது.

1917 நவம்பர் 2. உங்கள் அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதர்களின் முன்னணித் தலைவரான ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதியது ஒரே ஒரு பக்கம். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய உதவுவோம் என்று அதில் வாக்குக் கொடுத்தீர்கள். அந்த மண்ணில் அப்போது வாழ்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அரபிகள். அவர்களுக்கு அந்தக் கடிதத்தில் பெயர்கூடக் கிடையாது, 'யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டும் இருக்கிறது. மத உரிமையும் குடிமை உரிமையும் உண்டு, அரசியல் உரிமை பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எகிப்தில் இருந்த உங்கள் உயர் ஆணையர் மெக்மஹன், துருக்கியரை எதிர்த்து எழுந்தால் அரபிகளுக்குச் சுதந்திரம் என்று மெக்காவின் ஷெரீஃப் ஹுசைனுக்கு எழுதியிருந்தார். (பாலஸ்தீனம் அதில் சேர்த்தியா இல்லையா என்று பிறகு வருஷக்கணக்கில் வாதாடினீர்கள்.) நடுவில், 1916ல், துருக்கியர் ஆண்ட அந்த அரபு நிலங்களைப் பங்குபோட்டுக்கொள்ள பிரான்ஸோடு சைக்ஸ்-பிகோ ரகசிய ஒப்பந்தம் வேறு.

சரி, யூதர்களுக்காவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்களா? ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடுகிறவர்களுக்குப் போக்கிடம் இல்லாத 1939ல், அப்போது உங்கள் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்குள் ஐந்து வருஷத்துக்கு 75,000 பேர்தான் என்று கதவைச் சாத்தினீர்கள். 1947ல், வதைமுகாம்களில் உயிர் பிழைத்தவர்கள் உட்பட சுமார் 4,500 பேரோடு வந்த எக்ஸோடஸ் கப்பலைக் கடலில் மறித்து, கடைசியில் அவர்களை ஹாம்பர்க்கில் கொண்டுபோய் இறக்கினீர்கள். ஜெர்மனியிலேயே! எத்தனை முறை படித்தாலும் நெஞ்சை அடைக்கிறது.

அப்புறம் பிரச்சினையை ஐநாவிடம் தள்ளிவிட்டு, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கி, 1948 மே மாதம் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். இஸ்ரேல் உருவானதை ஒட்டி மூண்ட போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று பூட்டி எடுத்துவந்த இரும்புச் சாவிகளை, லெபனானிலும் ஜோர்டானிலும் முகாம்களில் பிறந்த பேரப்பிள்ளைகள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பாக்தாத்திலும் கெய்ரோவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்களும் அடுத்து வந்த வருஷங்களில் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

1967ல் மேற்குக் கரையையும் காஸாவையும் இஸ்ரேல் ஆக்கிரமித்தது, அங்கே அமைத்த யூதக் குடியேற்றங்கள், 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்த கொலைகள், இஸ்ரேல் காஸாவை இடித்துத் தரைமட்டமாக்கியது, இவற்றுக்கெல்லாம் செய்தவர்கள்தான் பொறுப்பு, உங்கள் தலையில் கட்டவில்லை. நான் கேட்பது உங்கள் பங்கை மட்டும். அந்தக் கடிதத்தின் நூற்றாண்டான 2017ல் மன்னிப்புக் கேளுங்கள் என்றபோது, கேட்கமாட்டோம், பெருமைப்படுகிறோம் என்றீர்கள். 2025 செப்டம்பரில் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தீர்கள், நல்லது. அந்த மன்னிப்பையும் எழுதுங்கள், இரண்டு மக்களுக்கும் சேர்த்து. அதே கடிதத்தாளில், இந்த முறை அரபிகளைப் பெயர் சொல்லி.